அந்திக்குத் தரகு

ஆட்டுத் தரகு பார்த்தவள் கதை சொன்னால் அதிலும் கொஞ்சம் தரகு பிடித்துக்கொண்டுதான் சொல்லுவாள்; மிச்சம் உங்களுக்கு, கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் விலை குறைக்கக் கூடாது.

நடுவைக்குளம் என்கிற ஊரிலிருந்து ஓர் ஆனி மாதத்து விளக்கு வைக்கும் நேரத்தில் நான் கிளம்பினேன். ஐம்பத்து நாலு வயதில் முதல்முதலாக விமானம் ஏறி, முதல்முதலாகக் கடல் தாண்டி, இரண்டாவது கல்யாணம் பண்ணிக்கொள்ள. இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டதும் ஊருக்கு மூச்சு முட்டிவிட்டது. ஆவுடைத்தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள், ஆடு மேய்த்தவளுக்கு ஆகாசம் கேட்குது என்றார்கள், கிழவிக்கு மாலை எதற்கு என்றார்கள், சொன்னவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். எங்கள் ஊரில் காலில் ஆணி வெட்ட மதுரைக்குப் போனவனைக்கூட ஊர்மடம் வரைக்கும் கூட வந்து, நெற்றியில் திருநீறு பூசி, "போயிட்டு வா" என்று சொல்லி, பஸ் கண்ணுக்கு மறைகிற மட்டும் நின்று வழியனுப்புவார்கள். எனக்கு ஒரு நாய் வரவில்லை. என் கூடப் பிறந்த அண்ணன் நல்லபெருமாள், நாலு வீடு தள்ளி இருக்கிறவன், வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். அவன் இருமல் மட்டும் தெருவுக்குக் கேட்டது.

அவன் கோபம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை. எங்கள் ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுகிறதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கினால் அதில் பாதி, ஐந்து விரலையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தால் "நீ கேட்டதே விலை, இனிப் பேச்சில்லை" என்று அர்த்தம். துண்டுக்கடியில் கை இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, முடிந்த விலையை வெளியே சொல்லக் கூடாது, அது சந்தை பிறந்த நாள் தொட்டு இருக்கிற கட்டு. என் புருசன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்த மறுவருசம், கஞ்சிக்கு வழியில்லாமல் நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் இறங்கினபோது, "பொம்பளை வந்து ஆம்பளை விரலைப் பிடிக்கவா?" என்று முதலில் கத்தினவன் நல்லபெருமாள்தான், அவனும் தரகன். "விரலைத்தானே பிடிக்கேன், வேட்டியையா பிடிக்கேன்?" என்று நானும் கத்தினேன். சந்தை சிரித்தது. சிரித்த சந்தை கொஞ்சங் கொஞ்சமாக எனக்கு விரல் கொடுத்தது. ஏமாற்றினவன் கொடுத்தான், ஏமாந்தவன் கொடுத்தான், எட்டயபுரத்து வியாபாரியிலிருந்து கேரளாக்காரன் வரைக்கும் கொடுத்தான். என் அண்ணன் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை என் துண்டுக்கடியில் கை வைத்ததில்லை.

நான் கட்டிக்கொள்ளப் போன மனுசர் அருமைநாயகமும் அந்தச் சந்தையில் கிடைத்தவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், மனைவியைப் பறிகொடுத்தவர், பூமியின் வடக்குக் கோடியில் நார்வே தேசத்துத் துறைமுகம் ஒன்றில் மீன் வெட்டுகிற ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். சிநேகிதன் ஒருத்தனுடைய நேர்த்திக்கடனுக்குக் கிடா வாங்க எங்கள் ஊருக்கு வந்தார். துண்டுக்கடியில் கையை விடச் சொன்னேன், விட்டார், விட்ட வேகத்தில் என் ஐந்து விரலையும் பொத்திப் பிடித்தார்.

"வே, நான் இன்னும் விலையே சொல்லலை!" என்று கட்டை மீறிக் கத்திவிட்டேன்.

"எனக்கு இதுகளை எண்ணத் தெரியாதம்மா," என்றார். "கையைத் தந்தியள், பிடிச்சன்."

ஏமாளியிடம் விலை பிடுங்குவது எனக்குப் பிடிக்காது. இப்படி முழுசாகக் கழுத்தை நீட்டுகிற ஏமாளியைக் கண்டாலோ பற்றிக்கொண்டு வரும். கிடாவையும் கொடுத்து, கால்மணி நேரம் வசவும் கொடுத்து அனுப்பினேன். வசவு பிடித்துப்போய் மனுசர் வாராவாரம் போன் பண்ண ஆரம்பித்தார். அப்படி முடிந்த சம்பந்தம் இது.

கிளம்பின அன்றைக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். அவர் வாங்கி அனுப்பிய சிவப்புப் பெட்டி, ஒரு குட்டி ஆடு படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு. கருப்பட்டி, சுண்டைக்காய் வற்றல், மிளகாய்ப்பொடி, முகூர்த்தச் சேலை, எல்லாவற்றுக்கும் மேலே என் தரகுத் துண்டு என்று அடைத்ததில் பெட்டி மூட மாட்டேன் என்றது. ஒருத்தர் அமுக்க ஒருத்தர் ஜிப்பை இழுக்க வேண்டிய வேலை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டேன், டிவி சத்தத்தைக் கூட்டினான். சரி போங்கள் என்று பெட்டிமேல் நானே ஏறி உட்கார்ந்து, இழுத்து, விட்டு, ஏசி, மறுபடி இழுத்து, இப்படியே பொழுது போய், திறந்து கிடந்த வாசல் வழியாக அந்தி உள்ளே வந்துவிட்டது. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பு, மோர், ஊசி ஒன்றும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? கோபத்தில் தெரியவில்லை. பல்லைக் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன், பெட்டி மூடிக்கொண்டது, அதே மூச்சில் தெரு முழுக்கச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருட்டிவிட்டது. வழியனுப்ப ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வாய் வராமல், "போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

விமான நிலையத்தில் என் கைப்பையிலிருந்த ஊறுகாய்ப் பாட்டிலைப் பிடுங்கினார்கள். பாதியாவது கொண்டுபோகிறேன் என்று பேரம் பேசினேன், பாதி ஊறுகாய்க்கும் சட்டம் ஒன்றுதான் என்றான் அந்தப் பையன். சிவப்புப் பெட்டி சோதனை மெஷினுக்குள் போனபோது திரையில் கரிச்சட்டி மாதிரித் தெரிந்தது.

"என்னம்மா, உள்ள ஒரே இருட்டா இருக்கு?"

"மிளகாய்ப்பொடி."

"மிளகாய்ப்பொடி இருட்டாவா இருக்கும்?"

"வீட்டுல திரிச்சா அப்படித்தான் இருக்கும். கடையில வாங்குறவனுக்கு என்ன தெரியும்?"

விட்டுவிட்டான். விமானம் வடக்கே போகப் போக, ஜாதகத்தோடு வந்த கல்யாணத் தரகன் மாதிரி சூரியன் ஜன்னலோரமாகவே ஒட்டிக்கொண்டு வந்தது. இறங்கினபோது மணி ராத்திரி பதினொன்று என்றார்கள், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த ஊரில் கோடைக்குச் சூரியன் விழுவதே இல்லை, மாதக்கணக்கில் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும் என்று அருமைநாயகம் சொன்னார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லை," என்றார். நான் வந்து முதல் சண்டை அது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். துண்டை எடுத்ததும் உள்ளேயிருந்து எங்கள் ஊர் அந்தி எழுந்து வந்தது. மஞ்சளும் சாம்பலும் குழைத்த நிறத்தில் மெதுவாக எழுந்து, ஆட்டுக்கிடை நாற்றத்தோடு, அடுப்புப் புகையோடு, கோயில் குழாய் ஸ்பீக்கரின் கரகரப்போடு, வடை வேகிற வாசத்தோடு, நாலைந்து கொசுக்களோடு, கூடத்தை நிறைத்து, மாடிப்படி ஏறி, சமையலறைக்குள் போய், வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே வெயில், ஜன்னலுக்கு உள்ளே பொழுது சாய்ந்த நேரம்.

அருமைநாயகம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"உங்கட ஊரில இதையும் கட்டித்தான் அனுப்புவினமோ?"

"யாரும் கட்டலை. தானா வந்து ஏறியிருக்கு, திருட்டு மூதேவி."

"நல்லதாப் போச்சுது," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கொசுவை அடித்து, அடித்த கையை ஆசையாகப் பார்த்தார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு சோல்வெய்க், இரவுப் பணி பார்க்கிற நர்ஸ், பகலில் தூங்க வேண்டியவள், கோடை முழுக்க வெளிச்சத்தில் கண் எரியக் கிடக்கிறவள், கதவைத் தட்டி, உங்கள் வீட்டு மூலையில் இருட்டுகிற மாதிரித் தெரிகிறதே, அரைமணி நேரம் உட்காரலாமா என்று கேட்டாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு மீன்படகுக்காரன் வந்தான். அவனுக்குப் பின்னால் தூங்காமல் அழுகிற குழந்தையோடு ஒரு தாய், அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் பாதிரியார், அப்புறம் அந்த ஊரில் இருக்கிற நம்ம தமிழாட்கள் குடும்பம் குடும்பமாக. மடக்கு நாற்காலியும் காப்பிப் பிளாஸ்க்கும் கொண்டுவந்து, வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்து, வாயைத் திறக்காமல் காத்து நின்றார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, காத்திருப்பவர்கள் நனையாமலிருக்க ஒரு பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இது எப்படி நடந்தது, எங்கிருந்து வந்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் எரிந்தது. இடிக்க மாட்டேன் என்கிறார்கள், முந்த மாட்டேன் என்கிறார்கள், இன்னும் ஐந்து நிமிசம் கொடு என்று ஒரு மனுசப்பிறவி கெஞ்ச மாட்டேன் என்கிறது, நேரம் முடிந்ததும் நன்றி சொல்லி, கையில் ஒரு கேக்கைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். வீடு முழுக்கக் கேக். "ஒரு தடவையாவது பேரம் பேசச் சொல்லும் வே இவியளை, எனக்கு நாக்கு நமநமங்குது," என்று அருமைநாயகத்திடம் சொன்னேன். அவர் சோல்வெய்க்கிடம் அந்தப் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் ரொம்ப நேரம் யோசித்து, மறுநாள் இரண்டு கேக் கொண்டுவந்தாள்.

ஊரிலிருந்து போன் வந்தது. பேசினது அண்ணன் பெண்சாதி கோமதி மதினி.

"ஏ ஆவுடை, நல்லா இருக்கியா தாயி? போய்ச் சேந்துட்டியா? சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?"

நான் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்க்காதவளுக்கு இவ்வளவு தேன் எங்கிருந்து சொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல புள்ள, இங்க பொழுது சாயமாட்டேங்கு."

"சாயாம?"

"வெயிலு அடிச்சுக்கிட்டே இருக்கு, திடீர்னு பொட்டுனு இருட்டிருது. நடுவுல ஒண்ணுமே இல்ல. வேன்காரன் சொல்லுதான், ஏர்போட்டு வரைக்கும் வண்டிக்குள்ள மட்டும் அந்தியா இருந்துச்சாம். ஊர்ல எல்லாரும் நீதான் எடுத்துட்டுப் போயிட்டேங்காவ."

அவள் சொல்லச் சொல்லத்தான் விவரம் தெரிந்தது. கோழிகள் அடைய நேரமில்லாமல் நடுத்தெருவில் நின்றபடி தூங்குகின்றனவாம். மேயப் போன ஆடுகள் பாதி வழியில் இருட்டு விழுந்து அங்கங்கே படுத்துவிடுகின்றனவாம். மல்லிகை மொட்டு விரிவதற்கு ஒரு சமயம் வேண்டுமே, அது இல்லாமல் மொட்டாகவே கருகுகிறதாம். விளக்கேற்றப் போனால் தீப்பெட்டியை எடுக்கும்போது பட்டப்பகல், குச்சியை உரசும்போது நடுராத்திரி. இதையெல்லாம்கூட ஊர் சமாளித்துவிட்டது. பஞ்சாயத்தில் ஆறரை மணிக்குச் சங்கு ஊதச் சொன்னார்கள், கோழிகளைக் கையால் தூக்கி அடைத்தார்கள், பஜ்ஜிக்கடைக்காரன் மதியமே சட்டியை வைத்தான். சமாளிக்க முடியாதது வேறொன்று. எங்கள் ஊரில் எந்தத் தகராறு வந்தாலும் "பொழுது சாயட்டும், பேசிக்கலாம்" என்றுதான் சொல்லுவார்கள். புருசன் பெண்சாதி சண்டை, வரப்புச் சண்டை, பெண் கேட்கிறது, மன்னிப்புக் கேட்கிறது எல்லாம் அந்த மங்கலில்தான், முகம் முழுசாகத் தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். இப்போது பொழுது சாயாததால் ஒரு சண்டையும் தீராமல் ஊரே சண்டையாகக் குவிந்து கிடந்தது. பொறுக்க முடியாமல் சில பேர் பக்கத்து ஊருக்கு நடந்து போய் அந்தியில் நின்று பேசிப் பார்த்திருக்கிறார்கள். "உங்க ஊர்ல இல்லன்னா இங்க வந்து மேஞ்சிட்டுப் போறியளா?" என்று அந்த ஊர்க்காரர்கள் கம்பெடுத்து விரட்டிவிட்டார்களாம்.

"அதனால தாயி, பொட்டியைத் தூக்கிட்டு வந்துரு. உங்க அண்ணனும் அதான் சொல்லுதாவ."

"அண்ணன் சொல்லுதானா? போனைக் குடுங்க, அவன் வாயால சொல்லட்டும்."

"அவிய வாயே திறக்க மாட்டேங்காவ."

"வந்தா திரும்ப அனுப்புவியளா?"

போனுக்குள் ஊர் மூச்சுவிடுவது கேட்டது. எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை கல்யாணப் பதிவு. பெட்டியோடு ஊருக்குள் கால் வைத்தேனென்றால், போனவள் புத்தி தெளிந்து வந்துவிட்டாள் என்று குலவையிட்டு உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, மறுபடி நான் வாசல் தாண்ட இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். போகாவிட்டால் ஒரு ஊரின் அந்தியைத் திருடினவள் என்ற பேர். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேலாகச் சந்தையில் நின்றவள், ஒரு குட்டியைக் கூடப் பேர் கெட விற்றதில்லை.

தினமும் போன். ஊர் வாத்தியார் பேசினார், பூசாரி பேசினார், பக்கத்து வீட்டுக்காரி அழுதாள், டிவி சத்தத்தைக் கூட்டினவன் "அக்கா, அக்கா" என்றான். அத்தனை பேரிடமும் எரிந்து விழுந்துவிட்டு, கடைசியில் அருமைநாயகத்திடம் வந்து நின்றேன்.

"நீரு என்ன சொல்லுதீரு? போகவா, வேண்டாமா?"

"போகவேணுமெண்டால் போங்கோ. டிக்கெட் எடுத்துத் தாறன்."

கையிலிருந்த கேக்குத் தட்டை மேஜையில் போட்டேன். "ஏன் வே, நீரு பேரமே பேசமாட்டீரா? கல்யாணம் கட்டப்போற பொம்பள போறேங்குதா, 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை வராதா உம்ம வாயில? சும்மா கிடாவைக் கட்டி அவுக்குற மாதிரி அவுத்து விடுதீரே!"

அந்தி அவர் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அதனால்தான் அவரும் பேசினார் என்று நினைக்கிறேன்.

"என்னையும் ஒருத்தரும் வழியனுப்பேல்லை, ஆவுடை. பயத்தில வள்ளத்தில ஏறினது, அம்மாவுக்கும் சொல்லேல்லை. அவ வாசல்ல நிண்டு 'போயிட்டு வா' எண்டு சொல்லியிருந்தா ஒருவேளை திரும்பிப் போயிருப்பன். இப்ப போய் நிக்க அந்த வாசலும் இல்லை. எங்கட ஊர் அந்தி எங்க போச்சுதோ, ஆருடைய பெட்டியில கிடக்குதோ, எனக்குத் தெரியாது." மேஜையில் சிதறின கேக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். "உங்கட ஊருக்கு அது திரும்பிப் போகட்டும். அந்தி இல்லாத ஊர் பாவமப்பா."

அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்தாமல் இருந்ததில் எனக்கே தலைவலி வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் மதினிக்கு நானே போன் போட்டேன்.

"மதினி, அந்தி உங்களுக்கு. ஆனா நான் கொண்டாரமாட்டேன். என் விலையைச் சொல்லிருதேன். எனக்கு ஒரு வழியனுப்பு பாக்கி நிக்கி. ஊரே கூடி வந்து நிக்கணும், குலவை போடணும், கூடப்பிறந்தவன் எனக்குத் திருநீறு பூசணும்."

"நீ அங்க இருக்கே, நாங்க எப்படிப் புள்ள..."

"அது உங்க பாடு. செவ்வாய்க்கிழமை சந்தை கலையுற நேரம், அண்ணனை அங்க வேப்பமரத்தடியில துண்டை விரிச்சுக் கையை உள்ள விடச் சொல்லுங்க. விலையை என்கிட்ட விரல்ல முடிக்கட்டும்."

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கவகிட்ட எப்படி விரல் பிடிக்கதாம்?"

"தரகனுக்கு அதெல்லாம் நீங்க சொல்லித் தரவேண்டாம். துண்டுக்கடியில எந்த ஊர்லயும் எந்நேரமும் அந்திதான்."

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் இங்கே பகல் மூன்று மணி. சிவப்புப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்து, தரகுத் துண்டை அதன்மேல் போர்த்தி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன். சோல்வெய்க்கும் படகுக்காரனும் நம்ம சனங்களும் பந்தலிலிருந்து உள்ளே வந்து, செருப்பில்லாக் காலோடு சுவரோரமாக நின்றார்கள். உள்ளே கருப்பட்டி தட்டுப்பட்டது, வற்றல் மூட்டை தட்டுப்பட்டது. அதற்கப்புறம் அடியே இல்லாமல் கை போய்க்கொண்டேயிருந்தது. நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு ஆட்டுக்காகவும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

அப்புறம் ஒரு கை வந்தது. காய்ப்புக் காய்ச்ச கை, ஆட்டுக் கயிறு அறுத்த தழும்புள்ள கை, சின்ன வயதில் குளத்தங்கரையில் என்னை இழுத்துக்கொண்டு ஓடின கை. அத்தனை வருசம் எனக்குக் கொடுக்காத விரலைத் துண்டுக்கடியில் நீட்டிக்கொண்டு வந்தது.

முதலில் என் சுண்டுவிரலைத் தொட்டான். பெட்டியோடு வந்துவிடு, பழசை மறந்துவிடுகிறோம் என்பது அது. நல்லபெருமாள் எப்போதும் அடிமாட்டு விலையில்தான் ஆரம்பிப்பான். உதறினேன். இரண்டு விரலைப் பிடித்தான். வந்து கொடுத்துவிட்டுப் போ, தடுக்க மாட்டோம். உதறினேன். மூன்றாவதையும் சேர்த்து, அதைப் பாதி மடக்கினான். ஊர் வந்து நிற்கும், நான் திருநீறு பூசமாட்டேன் என்கிறான், எத்தன். அவன் விரலை நான் முறுக்கின முறுக்கில் கடலுக்கு அந்தப் பக்கம் அவன் பல்லைக் கடித்திருப்பான். அப்படியே இரண்டு பேரும் நின்றோம். வியர்வை அவனுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. அவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். போய்விட்டான் என்று நினைத்தேன். விட்டுவிடுவோமா, நாலு விரலுக்கே முடித்துவிடுவோமா என்றுகூட வந்துவிட்டது, சாமி சத்தியமாக.

கை திரும்பி வந்தது. விரல் நுனியெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. வந்த கை என் ஐந்து விரலையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தது. கணக்கு தெரிந்த கைதான், ஆனால் பிடித்த பிடியில் கணக்கே இல்லை. எண்ணத் தெரியாத ஒருத்தர் முன்னொரு நாள் பிடித்த அதே பிடி. விலை முடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அவன் எடுக்கவில்லை.

"விடு டே," என்றேன், கட்டை மீறி.

அவனும் மீறினான். பிறந்ததிலிருந்து துண்டுக்கடியில் வாய் திறக்காதவன், கருப்பட்டிக்கும் வற்றலுக்கும் அடியிலிருந்து, இருமலோடு, "போயிட்டு வா தாயி" என்றான்.

அவன் சொன்னதும் பின்னாலேயே ஊர் சொன்னது. மதினி சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், பூசாரி சொன்னார், டிவிக்காரன் சொன்னான், பெட்டிக்குள்ளிருந்து குலவைச் சத்தம் பொங்கி வந்து கூரையில் முட்டியது. சுவரோரம் நின்ற அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, இருந்தும் சோல்வெய்க் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்த அந்தி மாடிப்படியிலிருந்து இறங்கி, சமையலறையிலிருந்து வந்து, புகையும் நாற்றமும் ஸ்பீக்கர் கரகரப்புமாகச் சுருண்டு, நூலைச் சுற்றுகிற மாதிரி என் கையைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் இறங்கியது. இறங்கி முடித்ததும் அண்ணன் கை விட்டது. என் கையை வெளியே எடுத்தேன். உள்ளங்கை முழுக்கத் திருநீறு. வெயில் ஜன்னலை உடைக்கிற மாதிரி உள்ளே வந்தது.

"முடிஞ்சுதோ?" என்றார் அருமைநாயகம்.

"முடிஞ்சது. என்ன விலைன்னு கேக்கப்பிடாது," என்று சொல்லி, திருநீற்றை நான் பூசிக்கொண்டு, மிச்சத்தை அவர் நெற்றியிலும் பூசினேன். அவரையும் ஒருத்தரும் வழியனுப்பவில்லையே. "குனியும் வே, எம்புட்டு உசரம்!"

வெள்ளிக்கிழமை கல்யாணம் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்து சோல்வெய்க் போட்டாள். கேக் வந்தது, சொல்லவே வேண்டாம்.

ஊரில் கோழிகள் தானாக அடைகின்றன, மொட்டு விரிகிறது, குவிந்து கிடந்த சண்டைகள் ஒவ்வொன்றாக மங்கலில் உட்கார்ந்து தீர்ந்துவருகின்றன. ஆனால் முன்னே மாதிரி இல்லை, அந்தி ஒரு பீடி பிடிக்கிற நேரம் குறைகிறது என்று ஒரு பேச்சும் இருக்கிறது. இங்கே எங்கள் சமையலறை மூலையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், ஒரு முறம் அளவுக்கு அந்தி எந்நேரமும் கிடக்கிறது. அதில்தான் நான் விளக்கேற்றுகிறேன். கோடையில் கண் எரிகிறவர்கள் அந்த இருட்டுக்காக வந்து உட்காருகிறார்கள். மார்கழியில் சூரியன் எட்டியே பார்க்காமல் ஊரே கரியாகக் கிடக்கும்போது, அந்த முறத்தளவு மஞ்சள்தான் வீதிக்கே வெளிச்சம், அப்போதும் அவர்களேதான் வந்து உட்காருகிறார்கள், அப்போதும் பேரம் பேச மாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் அண்ணன் போனில் வந்தான். இப்போதெல்லாம் அவனே பேசுகிறான், நான்தான் எரிச்சலில் வைத்துவிடுகிறேன்.

"ஏட்டி, நீ திருப்பித் தந்ததுல கொஞ்சம் குறையுதுன்னு ஊர்ல பேசிக்கிடுதாவ."

"குறையத்தான் செய்யும். நடுவுல நின்னு முடிச்சுவிட்டது யாரு? தரகு பிடிச்சிருக்கேன்."

அவனும் தரகன்தானே. கொஞ்ச நேரம் இருமினான், அப்புறம் மழை பெய்ததா என்று கேட்டான்.